‘இரு இரு, சொல்லிடாத!’

மக்களே, ஒரு கேள்வியோட ஆரம்பிக்கலாம். கூகுள் பக்கம் போகாம அரை நிமிஷம் மட்டும் யோசிங்க.

“இந்தப் பொருளை மனுஷன் முதல்ல அடையாளம் கண்டது பூமியில இல்ல. 1868-ம் வருஷம் சூரிய வெளிச்சத்தைப் பிரிச்சுப் பார்த்தப்ப, அதுவரைக்கும் தெரிஞ்ச எந்தத் தனிமத்தோடயும் பொருந்தாத ஒரு மஞ்சள் கோடு தெரிஞ்சது. எங்கே இருந்து அந்த வெளிச்சம் வந்துச்சோ, அதோட கிரேக்கப் பேரையே இதுக்கும் வச்சுட்டாங்க. பூமியில இதைப் பிரிச்சு எடுக்க இன்னும் 27 வருஷம் ஆச்சு. உங்க வீட்டுக் குட்டிப் பசங்களோட பிறந்தநாளுக்கு இது வந்திருக்கலாம். கயித்தை விட்டா மேல போயிடும். என்ன இது?”

விடை ஹீலியம். சூரியனுக்குக் கிரேக்கத்துல ஹீலியோஸ். வேதியியலை மறக்காதவங்க மஞ்சள் கோட்டுலயே பிடிச்சிருப்பீங்க. கிரேக்கப் புராணக் கதை, கேம் இதுல ஆர்வம் உள்ளவங்க மூணாவது வரியில. மத்தவங்க பலூன் வந்ததும். எந்த இடத்துல பிடிச்சிருந்தாலும் ஒரு சின்ன ‘அட!’ உள்ளுக்குள்ள வந்திருக்கும். பிடிக்கலைன்னாலும் விடையைப் பார்த்ததும் ‘ச்சே, இது எனக்குத் தெரியுமே’ன்னு தோணியிருக்கும். இந்த ரெண்டுமே நல்ல கேள்விக்கு அடையாளம்.

இப்ப இதே தகவலை நம்ம போட்டித் தேர்வு கைடு எப்படிக் கேட்கும்னு பாருங்க: ‘1895-இல் ஹீலியத்தைப் பூமியில் முதன்முதலாகப் பிரித்தெடுத்த விஞ்ஞானி யார்?’ வில்லியம் ராம்சே. தெரிஞ்சா தெரியும், தெரியலைன்னா மேல ஃபேனைப் பார்த்துக்கிட்டு உட்கார வேண்டியதுதான். யோசிச்சு அந்தப் பேருக்குப் போக வழியே இல்ல. ஒரே தகவல்தான். ஒண்ணு உங்க ஞாபகத்தைச் சோதிக்குது, இன்னொண்ணு உங்களை விளையாடக் கூப்பிடுது.

ஃபைனல் இயர் வர்றதுக்குள்ள நம்ம எல்லாருக்குமே குறைஞ்சது பதினஞ்சு வாட்ஸ்அப் குரூப் இருக்கும். அதுல பாதி அசைன்மென்ட் பிடிஎஃப்-க்காக மட்டும் உயிரோட இருக்கும். எனக்கு அதுல ஒண்ணே ஒண்ணுதான் நிஜமான குரூப். எட்டுப் பேர். தினமும் ராத்திரி யாராவது ஒருத்தர் ஒரு கேள்வி போடணும், அவ்வளவுதான் சட்டம். மூணு வருஷமா ஓடுது. அதுல பார்த்ததை வச்சுத்தான் இதை எழுதறேன்: கேள்விக்கு விடை சொல்றதை விட கேள்வியைச் செய்யறதுலதான் ஜாஸ்தி மஜா இருக்கு, அதை யாரு வேணாலும் கத்துக்கலாம்.

நம்ம ஊருக்கு இது புதுசு ஒண்ணும் இல்ல. விடுகதைக்குத் தொல்காப்பியத்துலயே ‘பிசி’ன்னு தனிப் பேர் உண்டு. ஆனா பாட்டி போடுற விடுகதைக்கும் நாம ராத்திரி போடுற கேள்விக்கும் ஒரு வித்தியாசம் இருக்கு. விடுகதைக்குத் தேவையானது எல்லாம் வீட்டுக்குள்ளயே கிடைக்கும்: தேங்காய், முட்டை, ஊசி, நிலா. க்விஸ் கேள்விக்கு வெளி உலகத்துல நடந்த ஏதோ ஒண்ணு தெரிஞ்சிருக்கணும். நல்ல கேள்வி இந்த ரெண்டுக்கும் நடுவுல நிக்கும். பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்சது, மீதி நீங்களே யோசிச்சுப் போய்ச் சேர வேண்டியது. க்விஸ் வட்டாரத்துல இந்த மாதிரிக் கேள்வியை ‘வொர்க்கபிள்’னு சொல்வாங்க. உழைச்சா விடை வரும்னு அர்த்தம்.

வட்டாரம்னதும் ஞாபகம் வருது. 1967-ல கல்கத்தாவுல நீல் ஓ’பிரையன் நடத்தினதுதான் நம்ம நாட்டோட முதல் ஓபன் க்விஸ்னு சொல்வாங்க. போர்ன்விட்டா க்விஸ் நடத்தின டெரெக் ஓ’பிரையனோட அப்பா அவர். சென்னையில லேண்ட்மார்க் புத்தகக் கடை சுதந்திர தினத்தன்னைக்கு நடத்தின க்விஸ் பத்தி சீனியர்கள் இன்னும் கண்ணு விரிய சொல்றாங்க. இந்த உலகத்துல ரெண்டு கலைச்சொல் உண்டு. ஒரு டீமுக்குத் தெரியலைன்னா கேள்வி அடுத்த டீமுக்கு எகிறிப் போறது ‘பவுன்ஸ்’. உன் முறை வர்றதுக்கு முன்னாடியே பாய்ஞ்சு விடையை எழுதிக் கொடுக்கறதும் ‘பவுன்ஸ்’. தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒண்ணுதான். பந்து எகிறுற பவுன்ஸ், புலி பாயுற பவுன்ஸ்னு நீங்களே பிரிச்சுப் படிச்சுக்கோங்க.

சரி, கேள்வியை எப்படிச் செய்யறது?

விடையில இருந்து பின்னாடி நடக்கணும். கேட்டதும் ‘ஓ, இதுவா!’ன்னு எல்லாரும் சொல்ற அளவுக்கு விடை பழகினதா இருக்கணும். ஹீலியம் எல்லாருக்கும் தெரியும், ராம்சே தெரியாது. அதனால ஹீலியம் விடை, ராம்சே வேண்டாம். அப்புறம் அந்த விடைக்கு வந்து சேர குறைஞ்சது ரெண்டு பாதை போடணும், ரெண்டும் வேற வேற திசையில இருந்து. ஒண்ணு அறிவியல்னா இன்னொண்ணு மொழியாவோ, சாப்பாடாவோ, சினிமாவாவோ இருக்கட்டும். எட்டுப் பேருக்கும் எட்டு வாசல் வேணும்.

ஒரு உதாரணம் சேர்ந்தே செய்யலாம். விடை: ஹாட்மெயில். சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் ஆரம்பிச்சாங்கன்னு எல்லா ஜி.கே. புத்தகத்துலயும் இருக்கும், அந்தப் பக்கமே போக வேண்டாம். வேற என்ன சுவாரசியம்? 1996 ஜூலை 4-ம் தேதி ஆரம்பிச்சாங்க, அமெரிக்க சுதந்திர தினம். ஆபீஸ் கம்ப்யூட்டர், வீட்டு இணைப்புன்னு கட்டுப்படாம எங்கிருந்தும் மெயில் பார்க்கலாம்னு சொல்றதுக்கு அந்தத் தேதி பொருத்தமா இருந்துச்சு. பேருக்குள்ள எச்.டி.எம்.எல். ஒளிஞ்சிருக்கு, முதல்ல அந்த நாலு எழுத்தை மட்டும் பெரிய எழுத்துல போட்டிருந்தாங்க. ஆகக் கேள்வி இப்படி வரும்:

“அமெரிக்காவுல ஒரு சுதந்திர தினத்தன்னைக்கு ஒரு பெங்களூர்க்காரரும் அவரோட நண்பரும் ஒரு சேவையை ஆரம்பிச்சாங்க. பேர்ல நாலு எழுத்தை மட்டும் பெருசா எழுதினாங்க. அந்த நாலையும் சேர்த்தா, வெப் பேஜ் செய்யற ஒவ்வொருத்தரும் முதல் நாள் கத்துக்கிற விஷயம். பேரோட முதல் பாதி நம்ம ஊர் மே மாசம். என்ன சேவை?”

கடைசி வரிதான் என் வேலை. தகவல் ஒண்ணும் இல்ல, சும்மா ஒரு கைப்பிடி. மூணு வரி தாண்டி வந்தவன் வெறுங்கையோட திரும்பக் கூடாது.

இன்னொரு வகை ‘கனெக்ட்’. மூணு நாலு விஷயத்தைக் கொடுத்து, பொதுவா என்ன இருக்குன்னு கேட்கறது. விஜய் டிவியில ஜெகன் நடத்தின ‘கனெக்‌ஷன்’ நிகழ்ச்சி நம்ம வீடுகள்ல இதைப் பிரபலமாக்கினது. படத்தைப் பார்த்துப் பாட்டையோ பேரையோ கண்டுபிடிக்கணும். எங்க குரூப்ல எனக்கு ரொம்பப் பிடிச்சது இது: யேமன்ல ஒரு துறைமுகம், இந்தோனேசியாவுல ஒரு தீவு, சிக்கமகளூரு பக்கம் ஒரு மலை. எது இணைக்குது? காபி. மோக்கா, ஜாவா, பாபாபூடன்கிரி. ஒரு சிஎஸ்இ பொண்ணு அதோட நிறுத்தாம, முதல் ரெண்டுக்கும் இன்னொரு இணைப்பும் இருக்கேன்னு போட்டா. ஜாவாஸ்கிரிப்டுக்கு முதல்ல வச்ச பேர் மோக்கா. கேள்வி கேட்டவனுக்கே அது தெரியாது. நம்ம கேள்வியில நமக்கே தெரியாத ஒரு கதவை இன்னொருத்தர் திறக்கறது இருக்கே, நூறு மார்க்குக்குச் சமம்.

மார்க்னு சொன்னேன், ஆனா நாங்க ஸ்கோர் வைக்கறது இல்ல. ஆரம்பத்துல ஒருத்தன் எக்செல் ஷீட் போட்டு ஓட்டினான். ரெண்டு வாரத்துல முதல் மூணு இடத்துல இருந்தவங்க மட்டும்தான் பேசிக்கிட்டிருந்தாங்க. ஷீட்டை மூடினதும் மத்தவங்க திரும்பி வந்தாங்க.

ஆன்லைன்ல ஆடறதுக்குன்னே சில பழக்கம் வேணும். அதுல முக்கியமானது: விடையை குரூப்ல போடாதீங்க, கேட்டவருக்குத் தனியா அனுப்புங்க. இது இல்லைன்னா வேகமா டைப் அடிக்கிறவன் ஜெயிப்பான், மத்த ஏழு பேரும் யோசிக்கவே ஆரம்பிச்சிருக்க மாட்டாங்க. தனியா அனுப்பினா ராத்திரி பதினோரு மணி வரைக்கும் கேள்வி உயிரோட இருக்கும். கேட்டவருக்கு ஒரு ராஜ சுகம் உண்டு, எல்லாரோட தப்பு விடையும் அவருக்கு மட்டும்தான் தெரியும். ஹீலியத்துக்கு எனக்கு வந்த விடைகள்ல ‘கற்பூரம்’ ஒண்ணு. ‘பிறந்தநாளுக்குக் கற்பூரமா?’ன்னு கேட்டேன். ‘எங்க வீட்டுல கேக் வெட்டினதும் சுத்திப் போடுவாங்க’ன்னு பதில் வந்துச்சு. ‘டைப்பிங்’னு மேல வந்து வந்து மறையறதைப் பார்த்துக்கிட்டே உட்கார்றதும் ஒரு சுகம். உள்ளே ஒருத்தர் தவிச்சுக்கிட்டு இருக்கார்னு அர்த்தம்.

அந்தத் தவிப்பைப் பத்தி உளவியல்ல நல்ல ஆராய்ச்சி உண்டு. 1994-ல ஜார்ஜ் லோவன்ஸ்டைன் சொன்னது: நமக்குத் தெரிஞ்சதுக்கும் தெரிஞ்சுக்க விரும்பறதுக்கும் நடுவுல இருக்கற இடைவெளிதான் ஆர்வம். சுத்தமா எதுவும் தெரியலைன்னா அரிப்பே வராது. பாதி தெரிஞ்சாதான் அரிக்கும். ‘எங்கேயோ படிச்ச மாதிரி இருக்கே’ன்னு நாம சொல்ற நிமிஷம் அதுதான். 2014-ல கலிபோர்னியாவுல மத்தியாஸ் க்ரூபரும் அவரோட குழுவும் க்விஸ் கேள்விகளையே வச்சு ஒரு சோதனை பண்ணாங்க. கேள்வியைக் காட்டிட்டு, விடை வர்றதுக்கு முன்னாடி காத்திருக்கற நேரத்துல சம்பந்தமே இல்லாத ஒரு முகத்தோட போட்டோவைக் காட்டினாங்க. எந்தக் கேள்விக்கு விடை தெரிஞ்சுக்க ஆசை அதிகமா இருந்துச்சோ, அப்ப பார்த்த முகங்களும் பின்னால நல்லா ஞாபகம் இருந்துச்சு. ஆசையோட காத்திருக்கற மூளை பக்கத்துல கிடக்கறதையும் சேர்த்து எடுத்து வச்சுக்குது போல. அதனால விடையை உடனே போட்டுடாதீங்க. ‘சொல்லவா?’ன்னு கேளுங்க. ‘இரு இரு, சொல்லிடாத!’ன்னு யாராவது கத்துவாங்க. அந்தக் கத்தலுக்காகத்தான் இவ்வளவும்.

‘சாட்ஜிபிடி-கிட்ட கேட்டா ரெண்டு செகண்ட்ல சொல்லிடுமே?’ சொல்லும். ஃபுட்பால் கிரவுண்ட்ல பைக்கை ஓட்டிட்டுப் போய் கோல் போடலாம், யாரும் தடுக்க முடியாது, ஆனா அடுத்த நாள் யாரும் விளையாடக் கூப்பிட மாட்டாங்க. தேடக் கூடாதுங்கற விதியைக் கண்காணிக்க வழியே இல்ல, நம்பிக்கை மட்டும்தான். ஆச்சரியம், அது தாங்குது. விடை சரியா தப்பாங்கறதை விட ‘எப்படிப் பிடிச்ச?’ங்கறதைத்தான் எல்லாரும் கேட்கறாங்க. தேடினவனுக்கு அங்க சொல்ல ஒண்ணும் இருக்காது.

தகவல் சரியான்னு பார்க்கறது மட்டும் கேட்கறவரோட கடமை, அங்க நல்லாத் தேடணும். ‘உலகத்துலயே சிறந்த தேசிய கீதம்னு யுனெஸ்கோ அறிவிச்சது எது?’ன்னு ஒரு ஃபார்வர்டு எங்க சித்தப்பா குரூப்ல வருஷம் தவறாம வரும். யுனெஸ்கோ அப்படி எதுவும் அறிவிக்கல. இதுல ஒரு பழைய கதை இருக்கு. ஃபிரெட் வொர்த்னு ஒரு அமெரிக்கர் தகவல் களஞ்சியம் எழுதினார். யாராவது காப்பி அடிச்சா பிடிக்கறதுக்காக, கொலம்போங்கற டிவி துப்பறிவாளரோட முதல் பேர் ‘பிலிப்’னு தானே ஒரு பொய்யை உள்ள வச்சார். அப்புறம் ‘ட்ரிவியல் பர்சூட்’ விளையாட்டு அட்டையில அதே பிலிப்! 1984-ல 30 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். தோத்துட்டார். தகவல் யாருக்கும் சொந்தம் இல்லைன்னு ஆயிடுச்சு. பொய்யை நட்டவருக்குப் பணம் வரல, பொய் மட்டும் ஊரெல்லாம் போச்சு.

இப்ப நான் ரொம்ப நேரமா சொல்ல நினைச்சுக்கிட்டு இருக்கற விஷயத்துக்கு வர்றேன்.

பொது அறிவு, பொது அறிவுன்னு சொல்றோமே, யாருக்குப் பொது? எங்க குரூப்ல முதல் வருஷம் ஓடின கேள்விகளைப் பின்னாடி ஸ்க்ரோல் பண்ணிப் பார்த்தா, மார்வெல், ஹாரி பாட்டர், பிரீமியர் லீக், ‘ஃப்ரெண்ட்ஸ்’ சீரியல். எல்லாம் இங்கிலீஷ்ல. எட்டுப் பேர்ல ஆறு பேர் சிட்டியில இங்கிலீஷ் மீடியம் படிச்சவங்க, நானும் அதுல ஒருத்தன். ஏழாவது ஆள் எப்படியோ சமாளிச்சுட்டா. எட்டாவது ஆள் திருவாரூர் பக்கம், தமிழ் மீடியம். அவன் ஒவ்வொரு கேள்வியையும் படிப்பான், ப்ளூ டிக் வரும், அதோட சரி. யாரும் அவனை வெளியே தள்ளல. ஆனா எந்தக் கேள்வியிலயும் அவனுக்கு ஒரு வாசல் இல்ல.

ரெண்டாவது வருஷம் ஒரு ஜூன் மாசம், லீவுல எல்லாரும் ஊர்ல இருக்கறப்ப, அவன் முதல் தடவையா ஒரு கேள்வி போட்டான். தமிழ்ல.

“சேலம் மாவட்டத்துல கதவு ஒண்ணு இருக்கு. அதைத் திறக்கறதுக்கு வழக்கமான தேதி ஜூன் 12. அன்னைக்குத் திறந்தா எங்க அப்பாவுக்கு ‘கு’ உண்டு. தள்ளிப்போனா எங்க வீட்டுல யாரும் சரியாப் பேச மாட்டாங்க. கதவு எது? ‘கு’ எது?”

ஆறு சிட்டிப் புள்ளைங்களும் அன்னைக்குத் தவிச்ச தவிப்பு! கோயில் கதவுன்னு ஒருத்தன். ஸ்கூல் கேட்னு இன்னொருத்தி. ‘கு’வுக்கு ‘குஸ்கா’ன்னு ஒரு மகான் அனுப்பினான். ராத்திரி பத்து மணிக்கு ஒரு க்ளூ வந்துச்சு: ‘கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கறதை 120 அடி வரைக்கும் அளப்பாங்க.’ அப்பத்தான் ஒருத்தருக்கு டிவி நியூஸ்ல கீழ ஓடற வரி ஞாபகம் வந்துச்சு. மேட்டூர் அணை. 1934-ல கட்டி முடிச்சது. ‘கு’ குறுவை, காவிரி டெல்டாவோட குறுகிய கால நெல் பருவம். தண்ணி நேரத்துக்கு வரலைன்னா குறுவை போச்சு, நேரா சம்பாதான். குறுவை அறுத்த வயல்லயே அடுத்துப் போடறது தாளடி. இதெல்லாம் அவன் நாலு நிமிஷ வாய்ஸ் நோட்டா அனுப்பினான். அந்த வருஷம் என்ன ஆச்சுன்னு யாரோ கேட்டாங்க. அதுக்கு இன்னொரு வாய்ஸ் நோட், இன்னும் நீளம்.

நான் மேல சொன்ன இலக்கணத்தை வச்சுப் பாருங்க. எல்லாருக்கும் பழகின விடை, ரெண்டு பாதை, கடைசியில ஒரு கைப்பிடி. யாரும் சொல்லித் தரல. எங்களுக்கு என்ன தெரிஞ்சிருக்கும்னு ஒரு வருஷமா பார்த்துக்கிட்டே இருந்தவனாச்சே, அதான் டிவி நியூஸ் வழியா எங்களுக்கு ஒரு வாசல் வச்சான்.

அதுக்கப்புறம் கேள்விகளோட நிறம் மாறிடுச்சு. போன மாசம் போட்டது ஒண்ணு: “1914 செப்டம்பர் 22 ராத்திரி மெட்ராஸ் கடலுக்கு வந்து, எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திட்டுப் போன ஒரு விருந்தாளி. அந்தப் பேரை உங்க பாட்டி யாரையாவது திட்டறப்பவோ, அதே மூச்சுல பாராட்டறப்பவோ சொல்லியிருப்பாங்க. 2006-ல ஒரு படத்தோட பேர்ல முதல்ல முழுசா இருந்து, அப்புறம் வால் அறுந்து போச்சு.” ஹிஸ்டரி பைத்தியம் ஒருத்தனுக்கு ஜெர்மன் போர்க்கப்பல்ங்கற அளவுக்குத் தெரியும், பேர் வரல. இன்னொருத்திக்கு ‘எம் மகன்’ படத்துல நாசர் பண்ணின கண்டிப்பான அப்பா ஞாபகம். திருவாரூர்க்காரன், ‘எங்க ஆயா என்னை எம்டன்னுதான் கூப்பிடும்’னு எழுதினான். மூணு பேரும் கேட்டவருக்குத் தனித்தனியா துண்டு துண்டா அனுப்பியிருந்தாங்க. மூணையும் சேர்த்தாதான் முழு விடை. எஸ்.எம்.எஸ். எம்டன், எம்டன் மகன், ஆயாவோட எம்டன்.

மார்வெல் கேள்வி நிக்கல, அதுவும் வருது. இப்ப அதைப் போடறவங்க படம் பார்க்காதவனுக்கும் ஒரு வாசல் வச்சுட்டுத்தான் போடறாங்க. மே மாசத்துக்கு அப்புறம் ஒருத்தன் புனே, ஒருத்தி ஹைதராபாத், ரெண்டு பேர் இன்னும் ஆஃபர் லெட்டருக்குக் காத்திருக்காங்க. ராத்திரி கேள்வி யாரு போடறதுன்னு அட்டவணை மட்டும் அடுத்த டிசம்பர் வரைக்கும் தயார்.

நீங்களும் ஆரம்பிக்கறதுக்கு ஒரு கேள்வி விட்டுட்டுப் போறேன். விடையை கமெண்ட்ல போடாதீங்க, எடிட்டோரியல் டீமுக்குத் தனியா அனுப்புங்க. எப்படிப் பிடிச்சீங்கன்னும் ஒரு வரி எழுதுங்க.

“1802 ஏப்ரல்ல, இன்னைக்கு மெட்ரோவும் ஃப்ளைட்டும் கூடற ஒரு மலைப் பக்கத்துல ஒரு வெள்ளைக்கார அதிகாரி சங்கிலி வச்சு நிலத்தை அளக்க ஆரம்பிச்சார். அளந்துக்கிட்டே வடக்க போனாங்க, போனாங்க, அரை நூற்றாண்டு போனாங்க. கடைசியில 15-னு ரோமன் எண் போட்டு வச்சிருந்த ஒண்ணு, உலகத்துலயே முதலிடம்னு தெரிஞ்சது. அதுக்கு ஓய்வு பெற்ற ஒரு மேலதிகாரியோட பேரை வச்சாங்க. ‘என் பேரை உள்ளூர் மக்களால சொல்ல முடியாது’ன்னு அவரே வேண்டாம்னார். யாரும் கேட்கல. அவர் பேரை நீங்க மசாலா பாக்கெட்லயும் பார்த்திருப்பீங்க. அளவை ஆரம்பிச்ச மலை எது? முடிவுல கிடைச்சது எது?”

விடை அடுத்த இதழ்ல.